போர்வைப் பஞ்சு

மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் அவளுடைய லேப்டாப், திறந்த பத்தே நிமிடத்தில் அடுப்பாய்க் கொதித்தது. மதியத்தில் மாமனார் அதில் சதுரங்கம் ஆடுவதுதான் காரணம் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். "உங்க விளையாட்டால என் பொழப்புல மண்ணு விழுது மாமா" என்று ஒருநாள் விருந்தாளிகள் எதிரிலேயே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அவர் அந்த மேசைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

மூன்று வாரமாகியும் சூடு குறையவில்லை. பழுது பார்க்கும் கடைக்கு அவள் கிளம்பியபோது, "கனமா இருக்கும்மா, குடு" என்று பையை வாங்கிக்கொண்டு அவரும் கூடவே நடந்தார்.

கடைக்காரர் அடிமூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்த குட்டி விசிறியை அடைத்துக்கொண்டிருந்த நீலப் பஞ்சு திரிதிரியாக வெளியே வந்தது.

"போர்வை மேல வெச்சு வேலை பாக்குறது யாருங்க? காத்து போற வழியே அடைஞ்சு கெடக்கு."

நீலப் போர்வை அவளுடையது. காலையில் கட்டிலைவிட்டு இறங்காமலே வேலையைத் தொடங்குகிறவளும் அவள்தான். அவள் வாய் திறப்பதற்குள் மாமனார் முந்திக்கொண்டார்.

"நான்தான் தம்பி. வயசாயிடுச்சு, வெவரம் பத்தல."

கடைக்காரர் அவருக்குப் புத்திமதி சொல்லத் தொடங்கினார். அவரும் பள்ளிப்பிள்ளைபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அவர் இல்லீங்க, நான்தான்" என்றாள். "மாமா, அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கு என்னை மன்னிச்சிடுங்க."

காத்திருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, விடும்மா" என்றார் அவர். திரும்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு எவ்வளவு வலித்திருக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.