மேலே ஒரு கோடு

தம்பியின் மூக்கிலிருந்து எடுத்த செல்களை அக்கா தன் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக்கொண்டிருந்தாள். "என் பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்று தினமும் போனில் கேட்பான். நுரையீரலில் சளி கட்டி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறவனுக்கு வாய் மட்டும் குறைச்சலில்லை.

கோளாறு ஒரே ஒரு புரதத்தில். நூல் போலப் பிறக்கும்போதே அதன்மேல் சர்க்கரைக் கொத்து ஒட்டப்படும். துணைப் புரதம் ஒன்று அந்தக் கொத்தைப் பிடித்துக்கொண்டு, நூல் ஒழுங்காக மடியும்வரை கூடவே இருக்கும். சோதித்துப் பார்க்க இன்னொரு புரதமும் உண்டு, கறாரான பேர்வழி. கோணல் தெரிந்தால், கழன்றுபோன சர்க்கரையை மறுபடி ஒட்டி, "போ, இன்னொரு தடவை" என்று துணையிடமே திருப்பி அனுப்பும். எத்தனை தடவை போயும் தேறாததைச் செல் ஈவிரக்கமில்லாமல் நறுக்கிப் போட்டுவிடும். தம்பியின் புரதம் தேறியதே இல்லை.

தேறி வெளியே போகும் புரதத்துக்குச் சர்க்கரையும் எடையும் கூடும். சோதனைப் படத்தில் அது மேல் கோடாகத் தெரியும்; தேறாதது கீழ்க் கோடாக. எந்த மருந்தைப் போட்டாலும் அக்காவுக்குக் கிடைத்தது கீழ்க் கோடுதான்.

அன்று மேலே மங்கலாக ஒரு கோடு. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "உடனே வாடா" என்று தம்பிக்குப் போன் போட்டாள். பிறகுதான் படத்தை நிதானமாகப் பார்த்தாள். மருந்தே போடாத செல்களிலும் அதே கோடு. செல்களை வைத்த சூட்டுப்பெட்டியின் வெப்பப் பதிவைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. முந்தின நாள் கை நிறையத் தட்டுகளோடு அதன் கதவை முழங்கையால் தள்ளியவள் அவள்தான். அது சரியாகச் சாத்திக்கொள்ளாமல் உள்ளே சூடு குறைந்திருந்தது.

அவன் வந்துகொண்டிருப்பான் என்று கீழே ஓடினாள். தம்பி பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மருந்து இல்லடா. பெட்டி ஆறிப்போய் உள்ள எல்லாம் மெதுவா நடந்திருக்கு. அதான் புரதம் ஒழுங்கா மடிஞ்சிருக்கு. உன்னைத் தூக்கிக் குளிர்லயா வைக்க முடியும்?"

தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே யோசித்தான். "அப்போ அது உருப்படாத கேஸ் இல்லங்கிறியா?"

"இல்ல. கண்ணால பார்த்துட்டேன். அவகாசம் கொடுத்தா தேறுது. அதுவரைக்கும் தாங்கிப் பிடிக்கிற மருந்தைத்தான் தேடணும்."

"இதைத்தானே சின்ன வயசுலேர்ந்து சொல்றேன்? நீதான் முன்னாடி ஓடிப்போய் நின்னுகிட்டு 'சீக்கிரம் வாடா'ன்னு கத்துவ."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சரி, கோட்டைக் காட்டு" என்று அவன் எழுந்தான். மேலே இன்னும் ஒரு மாடி இருந்தது. அவன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் அவனோடு ஒரே படியில் நின்றாள்.

"மெதுவா வா" என்றாள்.