மஜீதின் பக்கம்

“எம்பேரு அஞ்சலாட்சி. மொதப் பக்கத்துல சரியாத்தான் இருக்குது. ரெண்டாவது பக்கத்துல மஜீத்னு போட்டிருக்கே, யாரும்மா அது?”

வைத்திக்குப்பத்திலிருந்து வந்த அந்த ஃபோனைக் கேட்டபடியே ஸமீஹா கணினியில் அந்த ரிப்போர்ட்டைத் திறந்தாள். பரிசோதனைக்கூடத்தின் ரிப்போர்ட்டுகளை இணையத்தில் காட்டும் புரோகிராமை பாண்டியில் உப்பளம் பகுதி அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியவள் அவள்தான். அன்று காலைதான் அது ஓடத் தொடங்கியிருந்தது. இரண்டாம் பக்கத்தை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி, அதிலிருந்து எடுத்துக் காட்டும்; கோப்பு ஏற்கெனவே இருந்தால் புதிதாக எழுதாமல் அதையே காட்டும். ஒருவருக்குக் காட்டியதும் சர்வரில் அந்த வேலை முடிந்து கோப்பும் தானாக அழிந்துவிடும் என்று நம்பி, அழிக்கும் வரியை அவள் எழுதவில்லை. சர்வரோ அதே வேலையை முடிக்காமல் அடுத்தவருக்கும் ஓட்டியிருக்கிறது. முதலில் வந்தவர் மஜீத். பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் அவருடைய பக்கமே போயிருக்கிறது. தனியாக ஒவ்வொரு முறையும் புதிதாக ஓட்டிச் சோதித்தபோது எல்லாம் ஒழுங்காகத்தான் வந்தது.

“சாயந்திரம் நிறுத்திக்கலாம். இப்ப நிறுத்துனா லேப்ல இருந்து ஃபோன் மேல ஃபோன் வரும்” என்றார் முதலாளி தமிழ்மாறன்.

“இப்பகூட யாராவது பாத்துட்டு இருப்பாங்க சார்.”

அவர் பதிலுக்குக் காத்திராமல் நிறுத்தினாள்.

அதற்குள் ஏழு பேர் மஜீதின் பக்கத்தைப் பார்த்திருந்தார்கள். அஞ்சலாட்சியோடு சேர்த்து ஆறு பேருக்கு ரத்தப் பரிசோதனை; குழம்புவார்கள், கேட்பார்கள். ஏழாவது, சேதராப்பட்டு காத்தவராயன். தொண்டைக் கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதித்திருந்தார்கள். மஜீதுக்கும் அதே பரிசோதனைதான். புற்றுநோய் இல்லை என்று முடிந்தது மஜீதின் பக்கம். காத்தவராயனுடையது அப்படி முடியவில்லை.

“அவரோட டாக்டர் பேசட்டும், நீ பேசாத” என்றார் தமிழ்மாறன்.

டாக்டர் ஃபோனை எடுக்கவில்லை. காத்தவராயனுக்கே அடித்தாள்; எடுத்தார். பின்னால் மெஷின்கள் இரைந்தன.

“டாக்டராண்ட போவலம்மா. கடைசி வரியத்தான் பாத்தேன், ஒண்ணுமில்லன்னு வந்துட்டுதே! டூட்டிக்கு வந்துட்டேன்.”

“ஐயா, நீங்க பாத்த ரெண்டாவது பக்கம் உங்களுது இல்ல. தப்பு என்னுது. இன்னிக்கே பாண்டிக்கு வந்து டாக்டரப் பாருங்க.”

“அப்ப என்னுது இன்னான்னு இருக்குது?”

அது அவள் கண்ணெதிரே திறந்து கிடந்தது. “அத டாக்டர்தாங்கய்யா சொல்லணும்.”

அவர் ஃபோனை வைக்கவில்லை. மெஷின் சத்தம் தேய்ந்தது. இரும்புக் கதவு ஒன்று இழுபட்டது. பிறகு நடக்கிற மூச்சு, லாரி ஹாரன். வெகு நேரம் கழித்து, “பாண்டி, பாண்டி, பாண்டி” என்று ஒரு பஸ் கண்டக்டரின் குரல் நெருங்கி வந்தது.