தடவிப் பார்க்கும் சுவர்

நெல்லித்தோப்பில் பிறந்து, பாரீஸில் படித்து, தேசம் தேசமாகக் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டவர் ஷாஹீன் அம்மா. கடைசியாக வரைந்தது எங்கள் ஊருக்கு. ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு வருகிறவர்கள் படுத்து எழ ஒரு கூடம். அது எழும்புவதற்குள் அவருக்குப் பார்வை மங்கிப்போனது. வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். அதனால் நீளச் சுவரைப் பூசவே கூடாது என்றிருந்தார். காங்கிரீட் ஊற்ற அடைத்த பலகைகளின் ரேகை அதில் அப்படியே பதிந்திருக்க வேண்டும். தன் கட்டடத்தைத் தடவியாவது பார்க்க வேண்டும்.

அம்மாவின் இந்த ஆசையைக் கட்டட வேலையைக் கவனித்த என்ஜினீயர் சொன்னது மேஸ்திரி வெற்றிவேலின் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அம்மா வருகிற அன்று காலையில், "பெரிய மனுஷி வராங்க. சுவத்த இப்பிடி அம்மணமா நிக்க வச்சா நம்மளத்தான் காறித் துப்புவாங்க" என்று சிமெண்ட் பாலைக் கெட்டியாகக் கரைக்கச் சொன்னார். மரியாதை என்று நினைத்துத்தான் வேலையாட்கள் நாங்களும் பூசினோம். சுவர் வழவழவென்று ஆகிவிட்டது.

வெயில் ஏறுமுன்பே அம்மா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நடந்தார். உள்ளங்கை வழுக்கிக்கொண்டே போனது, தூக்கத்தில் நடப்பவர் கதவைத் தேடுவதுபோல.

"பலகை எங்கப்பா?"

"அழகா இருக்கட்டுமேன்னும்மா…" என்றார் மேஸ்திரி.

"கண்ணு தெரியாதவளுக்குப் பவுடர் போட்டுக் காட்டுறியா?"

சித்தாள் சந்திரகலா குடத்தைத் தூக்கிவிட்டாள். "யோவ் மேஸ்திரி, வாயப் பொளந்துகினு நிக்காத. பால் இன்னும் இறுகல. நார எடு!"

தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தோம். தோள்வரை கடுத்தது. சிமெண்ட் நீர் தெறிக்க, கண்ணை மூடி மூடித் திறந்தேன். சாம்பல் நீர் வழிய வழிய, உள்ளேயிருந்து மரம் எழுந்து வந்தது. கணு, சுழி, நெளிநெளியாக ஓடும் கோடு. கல்லுக்குள் தோப்பு ஒன்று மெல்ல விழித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரே கனவுக்குள் நிற்பதுபோல் இருந்தது.

வாசல் பக்கம் மட்டும் காலை இளவெயில் நேராகப் பட்டு இறுகியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் வரவில்லை.

"விடுங்கப்பா, கை தேஞ்சுடப் போவுது" என்றார் அம்மா.

ஈரச் சுவரில் கை வைத்து அம்மா நடந்தார். ஒரு கணுவில் விரல் நின்றது.

"மாம்பலகையா?"

"ஆமாம்மா" என்றோம்.

வழவழப்பு தொடங்கும் இடத்தில் மறுபடி நின்றார். "இங்க முடியுதா?"

"முடியுதும்மா" என்றார் மேஸ்திரி, தலையை நிமிர்த்தாமல்.

"சரி, இங்கேர்ந்து திரும்புறேன்."

மறு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு வந்த வழியே நடக்கத் தொடங்கினார். முழங்கைவரை நீர் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.