சந்தேகப் பெட்டி

டன்லப் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பதுருன்னிசா அக்காவின் மளிகைக் கடைக்குக் கண்மணி செவ்வாய்க்கிழமைதோறும் போவாள். குளிர்பெட்டிகள் எவ்வளவு மின்சாரம் குடிக்கின்றன என்பதை அங்கே பொருத்திய மீட்டரே அவள் அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். அவள் போகவேண்டிய அவசியமே இல்லை. குளிர்பெட்டிக் கதவின் ரப்பரைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பாள்.

"எத்தனை தடவ பார்ப்ப புள்ள? அந்த ரப்பருக்கே வெக்கமாயிருச்சு," என்பார் அக்கா.

உட்லண்ட்ஸில் அவளுக்கு ஒரு வாடகை அறை. மற்ற நாட்களில் அவளிடம் யாரும் இப்படிப் பேசுவதில்லை.

அவள் வேலை பார்த்தது நான்கே பேர் கொண்ட ஒரு சமூக நிறுவனத்தில். சின்னக் கடைகளில் மின்சாரம் வீணாவதைக் குறைப்பதும், இணைய மோசடியிலிருந்து அவற்றைக் காப்பதும் அவர்கள் வேலை. ஒருநாள் மேலாளர் சுஜீந்திரன், கடைக்காரர்களைச் சோதிக்க ஒரு பொய் மின்னஞ்சல் எழுதச் சொன்னார்.

"மெஷின் மாதிரி எழுதாத. சொந்தக்காரங்க எழுதுற மாதிரி இருக்கணும் லா."

பேச வாய் வராத கண்மணிக்கு எழுதக் கை வரும். மின்சார அலுவலகம் எழுதுவதாக எழுதினாள். கட்டணத்தில் சலுகை தருகிறோம், அதற்குக் கடவுச்சொல்லைப் போடுங்கள் என்று கேட்டாள். கடைசியில், மத்தியானம் நேரத்தோடு சாப்பிடுங்கள் என்று தன்னையறியாமல் சேர்த்துவிட்டாள்.

நாற்பது கடைக்காரர்களில் ஒருவர்தான் ஏமாந்தார். பதுருன்னிசா அக்கா. ஏமாந்தவர் பெயர் அறிக்கையில் வரும், பயிற்சிக்கும் வந்தாக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அக்கா தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "நீதான் எழுதினியா?"

"ஆமாக்கா."

"எனக்குத் தெரியும். நான் சாப்பிட்டேனான்னு கரண்ட் ஆபீஸ்காரனுக்கு என்ன கவலை? நீன்னு தெரிஞ்சுதான் போட்டேன்."

மன்னிப்புக் கேட்க நினைத்தாள். கண்மணி குனிந்து ரப்பரைத் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது அக்கா வேறொருவருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி நாளில் சுஜீந்திரன் சொன்னார்: ஒரு மின்னஞ்சல்மேல் சந்தேகம் வந்தால் பதில் போடக் கூடாது, அதை எங்கள் 'சந்தேகப் பெட்டி' முகவரிக்கு அனுப்புங்கள், நம்பலாமா என்று பார்த்துச் சொல்கிறோம்.

"தெரிஞ்ச புள்ள எழுதினாலுமா?" என்று அக்கா கேட்டார்.

"அப்பத்தான் இன்னும் உஷாரா இருக்கணும், அக்கா."

பின்வரிசையில் கறிபஃப் பலகாரத் தட்டோடு நின்ற கண்மணியை அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று மாலை ரயிலில் நின்றபடியே அவள் அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். மார்சிலிங் நிலையம் தாண்டும்வரை அழித்து அழித்து எழுதி, இறங்குவதற்கு முன் அனுப்பினாள். "அக்கா, நான் கண்மணி. அன்னிக்கு வாயில வரல. மன்னிச்சிடுங்க. செவ்வாய்க்கிழமை வரட்டுமா?"

காலையில் சந்தேகப் பெட்டியில் ஒரே ஒரு மின்னஞ்சல். அது அவள் அக்காவுக்கு எழுதியதேதான்.

"பதுருன்னிசா அக்கா அனுப்பியிருக்காங்க! பாத்தியா, எவனோ மோசடிக்காரன் உன் பேரையே திருடிட்டான்," சுஜீந்திரன் கைதட்டினார். "ஆனா அவங்க ஏமாறல. ட்ரெய்னிங் வேலை செய்யுது லா. சீக்கிரம் பதில் போடு."

திரையில் இரண்டு பொத்தான்கள்: நம்பலாம், மோசடி. நம்பலாம் என்று அக்காவுக்குச் சொல்லவேண்டியவளும் கண்மணிதான். அவள் சொல்லை இனி எதை வைத்து அவர் நம்புவார்?

சுஜீந்திரன் இன்னும் பக்கத்தில் நின்றார். அவள் இரண்டாவதை அழுத்தினாள். 'நீங்கள் செய்தது சரி' என்ற பதில் அக்காவுக்குப் போய்விட்டது.