படகைப் பிடித்துக்கொள்ளலாம்

மனோஜ்குமார் அந்தப் பேச்சை எடுத்தது ஆயுதபூசை அன்று. உலை அணைந்து கிடந்தது. சாணை முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாயிற்று. பொரியும் கடலையும் கைக்குக் கை வந்துகொண்டிருந்தது. துடியலூர்ப் பக்கம் இருக்கும் அந்த பவுண்டரிக்கு அவர் சின்ன முதலாளி. பெரியவரைப் போல மேசைக்குப் பின்னால் உட்காருகிற ஆள் இல்லை. நீந்துவது, சைக்கிள் மிதிப்பது, ஓடுவது மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற டிரையத்லான் பந்தயத்துக்கு ஊர் ஊராகப் போய் வருகிறவர்.

அதில் ஸ்பிரிண்ட் என்று சின்னது ஒன்று உண்டு என்றார். தண்ணீரில் எழுநூற்றைம்பது மீட்டர், சைக்கிளில் இருபது கிலோமீட்டர், ஓட்டம் ஐந்து. காண்ட்ராக்டில் இருக்கிற யார் மார்ச்சுக்குள் ஒன்றை முடித்தாலும் பர்மெனண்ட், கேட்கிற வேலை. வயதும் கேட்க மாட்டேன், பழைய மெடிக்கல் ரிப்போர்ட்டும் பார்க்க மாட்டேன் என்றார். எல்லோரும் கைதட்டிவிட்டுப் பொரிக்குத் திரும்பினார்கள். திருமூர்த்தி மட்டும் வாயில் போட்ட பொரியை மெல்ல மறந்து நின்றான்.

பதினேழு வருசம் இரும்புக் குழம்பை அச்சில் ஊற்றியவன் அவன். ஆடி மாதம் ஒருநாள் உலைக்கு முன்னால் மயங்கி விழுந்தான். மூச்சுப்பையில் மண்தூசி ஏறியிருக்கிறது, இனி சூட்டு வேலை ஆகாது என்று டாக்டர் எழுதிவிட்டார். அன்றிலிருந்து கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறான். மார்ச்சோடு கேட்டுக்குக் கேமரா வருகிறது. கேமரா வந்தால் ஆள் எதற்கு? அதை யாரும் அவனிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிகிற சேதி அது. நாற்பத்திரண்டு வயதில், நெஞ்சில் தூசியோடு, வேறு எந்த பவுண்டரி அவனை உள்ளே விடும்? பந்தயத்தை முடித்தால் இங்கேயே உலை வேலையைத் திருப்பிக் கேட்கலாம்.

மறுநாளே தல்ஹாவிடம் போனான். தல்ஹா கோட்டைமேட்டுக்காரன், கவுண்டம்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். விலை கூடின சைக்கிள்களெல்லாம் அவனிடம்தான் வரும் என்பதால் எந்தப் பந்தயம் எங்கே என்பது அவனுக்கு அத்துபடி. இருக்கிறதிலேயே லேசானது ஒன்றைப் பார்த்துச் சொல்லச் சொன்னான் திருமூர்த்தி. தல்ஹா கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு செல்போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான்.

சென்னையில் நடப்பது கடலில்; அலை முகத்தில் ஒருக்கா அடித்தால் வடக்கு தெற்கு தெரியாது என்று அதைத் தள்ளினான். அடுத்தது உள்ளூரிலேயே, ஒரு காலேஜ் நீச்சல்குளத்தில். இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் முப்பது தடவை. தண்ணீர் நெஞ்சு மட்டும்தான். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம்.

"மொதத் தடவை போறவங்களுக்கு இதைவிட நல்லது கெடையாதுங்ண்ணா. கண்ணை மூடிட்டு இதுல பேரைக் குடுங்க" என்றான்.

என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று கேட்டான் திருமூர்த்தி. தல்ஹா படித்தான். தொப்பி, கண்ணாடி, ஒரு மாதத்துக்குள் வாங்கிய டாக்டர் சர்ட்டிபிகேட்.

சர்ட்டிபிகேட் என்றதும் திருமூர்த்தி பக்கத்தில் நின்ற சைக்கிளின் பெடலைச் சுற்றிவிட்டான். பிறகு, நெஞ்சு மட்டத் தண்ணியில் குழந்தைகள் மாதிரி நீந்துவதா, தான் மோட்டார் ரூம் மேலிருந்து அறுபதடிக் கிணற்றில் குதித்தவன் என்றான். தல்ஹா அவன் முகத்தையே பார்த்தான். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அடுத்ததற்குத் தள்ளினான்.

அது பொள்ளாச்சிக்கு அப்பால் ஓர் அணையில். பிப்ரவரியில். புதியவர்களுக்குத் தனியாக ஒரு கூட்டம், தனி நேரம். அலை இல்லாத தண்ணீர், மேடில்லாத ரோடு, சாதா சைக்கிளே போதும். உடம்புக்கு நானே பொறுப்பு என்று நாமே கையெழுத்துப் போட்டால் சரி. ஐம்பது மீட்டருக்கு ஒரு படகு நிற்கும்.

"இதைக் கேளுங்ண்ணா, இதுதான் முக்கியம். மூச்சு முட்டுச்சுன்னா படகைப் புடிச்சுக்கலாம். எத்தனை நேரம் வேணும்னாலும். படகு உங்களை இழுத்துட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். புடிச்சா தோத்ததா அர்த்தமில்லீங்க."

கேட்டுக்கொண்டதாகத் தலையாட்டினான். தல்ஹா இன்னொரு தரமும் சொன்னான். அதற்கும் ஆட்டினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காரமடைக்குப் பக்கத்தில் பிறந்த ஊருக்குப் பஸ் ஏறினான். அங்கப்பன் வீட்டுத் தோட்டத்துக் கிணற்றில்தான் பழக்கம். அங்கப்பனும் அவனும் ஒரே கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். இப்போது ஒரே பவுண்டரி, ஒரே காண்ட்ராக்ட். அந்தக் கிணற்றுக்கு ஒரு நியதி உண்டு. பழகும்போது இடுப்பில் கயிறு கட்டி மேலிருந்து ஒருவர் பிடித்துக்கொள்வார். கயிற்றை அவிழ்த்த நாளுக்குப் பிறகு எவன் அதைத் தொட்டாலும் அவன் கயித்துக்காரன். ஒரு வருசத்துக்கு அதுதான் பேர். பள்ளிக்கூட வாத்தியார் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். திருமூர்த்தி ஏழு வயதில் கயிறு அவிழ்த்தவன். ஒருதரம் தண்ணீர் குடித்து அடி வரைக்கும் போனான், அன்றும் கயிற்றைத் தொடவில்லை.

கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு சுற்று முப்பத்தைந்து மீட்டர் என்று தல்ஹா கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தான். தை பிறப்பதற்குள் இருபத்திரண்டு சுற்று வந்துவிட்டது. இருமல் இருந்தது, ஆனாலும் வந்துவிட்டது. சுற்றை எண்ணினானே ஒழிய, ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை முறை பக்கக் கல்லைத் தொட்டோம், படிக்கல்லில் காலை ஊன்றி எத்தனை முறை எம்பினோம் என்பதை எண்ணவில்லை. கிணற்றில் நீந்துகிற யாரும் அதை எண்ணுவதில்லை.

மில்லுக்குப் போகிற அவசரத்திலும் அவன் மனைவி குழந்தையம்மாள் ஒருநாள் கேட்டே விட்டாள். "ஓடறவங்களையெல்லாம் வேலைக்கு வெச்சுக்கறதுன்னா நம்ம சந்து நாயெல்லாம் எப்பவோ பர்மெனண்ட் ஆயிருக்குமுங்க." சொன்னவள்தான் தினமும் நாலரைக்கு எழுந்து அவனுக்குக் கம்பங்கூழ் கரைத்து வைத்தாள்.

பந்தயத்தன்று பவுண்டரியிலிருந்து ஒரு வேன் வந்தது. மனோஜ்குமார் ஏற்பாடு. அங்கப்பனோடு பத்துப் பேர், கம்பெனிப் பேர் எழுதின பனியனோடு கரையில் நின்றார்கள். மனோஜ்குமார் பழகியவர்களோடு முன்னாலேயே நீந்தி முடித்து, சைக்கிளை எடுக்காமல் இவனைப் பார்க்கக் கரையில் காத்து நின்றார். அதைப் பெரிய மனசு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊதல் ஊதியதும் இறங்கினான். முதல் ஐம்பது மீட்டர் கிணறு போலத்தான் இருந்தது. பிறகு கை எதையோ தேடியது. என்ன தேடுகிறது என்று முதலில் விளங்கவில்லை. கல்லைத் தேடுகிறது என்று விளங்கியபோது காலுக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் ஓடியது. முன்னால் தண்ணீர், பின்னால் தண்ணீர், பக்கத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றுமே இல்லை. நெஞ்சுக்குள் பழைய விசில் சத்தம் கிளம்பியது.

நூற்றைம்பதில் மூன்றாவது படகு நின்றது. அதில் இருந்த பெண்பிள்ளை குனிந்து, பிடிச்சுக்குங்கண்ணா, ஒன்றும் அவசரமில்லை என்றாள். தல்ஹா சொன்னது நினைவுக்கு வந்தது. இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தான். மூச்சு உள்ளே போக இடம் தேடி அலைந்து, மெல்ல மெல்லப் போகத் தொடங்கியது. இன்னும் இருபது மூச்சு விட்டால் போதும் என்று தோன்றியது. நேரம் இருந்தது. கரை தூரமில்லை.

அப்போதுதான் கரையிலிருந்து அங்கப்பனின் குரல் வந்தது. உற்சாகத்தில், பிரியத்தில் கத்தியதுதான்; அதில் விஷம் ஒன்றும் இல்லை.

"கயித்துக்காரன் ஆயிட்டானப்பா நம்ம திருமூர்த்தி!"

வேனில் வந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். கூடவே மனோஜ்குமாரும், அர்த்தம் தெரியாமலே, சிரித்தார்.

ஆறோ ஏழோ மூச்சுதான் விட்டிருப்பான். கை தானாக விட்டுவிட்டது. அந்தப் பெண் ஏதோ சொன்னாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த படகு வந்தது. அதைத் தொடாமல் தாண்டினான். அதற்கடுத்ததையும் தொடவில்லை. அதற்குப் பிறகு நீச்சல் இல்லை, தண்ணீரை அடித்ததுதான். வாய் வழியாகவும் மூக்கு வழியாகவும் தண்ணீர் போனது. அவன் போட்டிருந்த கம்பெனிப் பனியனைப் பிடித்து யாரோ தூக்கினார்கள். படகின் தரையில் குப்புறக் கிடந்து இருமிக்கொண்டே இருந்தான். எச்சிலில் சிவப்பு இருந்தது. அதை உள்ளங்கையால் மூடினான். ஆனாலும் படகில் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

கரையில் ஆம்புலன்ஸ் நின்றது. சைக்கிளோடு காத்திருந்த தல்ஹா ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். திட்டுவான் என்று பார்த்தால் திட்டவில்லை.

"புடிச்சிருந்தீங்களே. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். ஏனுங்ண்ணா உட்டீங்க?" என்று மட்டும் கேட்டான்.

திருமூர்த்தி ஆம்புலன்ஸ்காரர் நீட்டிய துணியில் வாயைத் துடைத்தான். கயித்துக்காரன் என்ற பேரைச் சொன்னால் தல்ஹாவுக்குப் புரியாது. புரிந்தாலும் என்ன ஆகிவிடப் போகிறது?

செவ்வாய்க்கிழமை மனோஜ்குமாரின் கார் கேட்டில் நின்றது. உள்ளே போகாமல் இறங்கி வந்தார். திருமூர்த்தி எழுந்து நின்றான். இரண்டு நாளாக மனதுக்குள் கட்டி வைத்திருந்ததைச் சொன்னான். மார்ச் முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, எப்படியாவது டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி நீச்சல்குளத்தில் நடக்கிற பந்தயத்துக்குப் பேர் கொடுக்கலாம், ஒருதரம் பார்க்கலாம் என்றான்.

மனோஜ்குமார் அவன் தோளில் கை வைத்தார்.

"வேண்டாமுங்ண்ணா. அன்னைக்குத் தண்ணியில உங்களைப் பாத்துபோட்டு, இனி உங்களை உலைப் பக்கம் உட்டேன்னா எனக்குத்தானுங்க பாவம். உடம்பைப் பாத்துக்கங்க."

அத்தனை மரியாதையாகச் சொன்னார். டாக்டர் எழுதியது ஒரு காகிதம். காகிதத்தைப் பார்க்க மாட்டேன் என்று அவரே சொல்லியிருந்தார். இப்போது அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். காகிதத்தை மறுக்கலாம், கண்ணை எப்படி மறுப்பது?

மத்தியானம் நோட்டீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பந்தயத்துக்குப் போகிற திட்டம் நிறுத்தப்பட்டது, இது பெரியவர் உத்தரவு. கம்பெனிப் பனியனோடு ஒருத்தன் செத்திருந்தால் யார் பதில் சொல்வது என்று பெரியவர் கேட்டாராம். அந்தக் கேள்வியிலும் தப்பில்லை.

ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகு அங்கப்பன் கேட்டுக்கு வந்தான். சாப்பிட்டாயா என்றான். சாப்பிட்டேன் என்றான் இவன். அங்கப்பன் போகாமல் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வார்த்தையைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்று நினைத்தான் திருமூர்த்தி. அங்கப்பன் அதைப் பேசவில்லை.

"ஒரு மாசமா நானும் பேர் குடுக்கலாம்னு வெடியால இருட்டோட ஓடிட்டு இருந்தேன். ஊட்டுல கூடச் சொல்லலை. நாலு கிலோமீட்டர் வந்துபோச்சு" என்றான்.

திருமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டான். அங்கப்பன் உட்கார்ந்தான்.