காது நிறையப் பச்சைக் கூழ்

என்னைத் தெருவில் அடையாளம் கண்டுகொள்கிறவர்களுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயதுக்குக் குறையாது. "நீங்க அந்த போஸ்ட் ஆபீஸ் அம்மாதானே?" என்பார்கள். நானேதான். க்ளெனிஸ் பார்லோ. மூன்று வருடம், வியாழக்கிழமை சாயங்காலம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சாக்ஸைக் கழற்றுவதற்குள் நான் டிவியில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். நிகழ்ச்சியின் பெயர் 'தலைகீழ் வியாழன்'. அரை மணி நேரத்தில் ஏழெட்டுக் குட்டி நாடகங்கள். அதில் கடைசி எங்களுடையது.

என்னோடு நடித்த நெவில், தபால் போட வந்த ஆளாக வரிசையில் வருவான். ஒரு வாரம் தொப்பி நிறைய சூப்பைக் கொண்டுவந்து அதைப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்வான். இன்னொரு வாரம் அவனுடைய அத்தையையே பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தான். நான் விதிப் புத்தகத்தைப் புரட்டி, "செல்லாது" என்பேன். மேலேயிருந்து ஒரு வாளி பச்சைக் கூழ் அவன் தலையில் விழும். பழைய கஸ்டர்டில் சாயம் கலந்தது, நாறும். "ஸ்டாம்பாவது குடுங்கம்மா" என்பான். நான் "அடுத்து யாரு?" என்று கத்துவேன். ஸ்டுடியோவில் இருநூறு பிள்ளைகள் பெஞ்சிலிருந்து விழுந்து சிரிப்பார்கள்.

நெவிலை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்ன பிடிக்கும், உயிர். ஆனால் கேமராவுக்கு எதிரே அத்தையைப் பொட்டலம் கட்டுகிறவன், கேன்டீனில் உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொல்லவும் கூச்சப்படுவான். நானும் சும்மா இருந்தேன். பெண்பிள்ளை முந்திக்கொண்டு கேட்பதா என்று ஒரு வீறாப்பு.

1976-இல் கடைசி நிகழ்ச்சி. எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. தொடர் முடிகிற நாளில் வாளி ஆள் மாறி விழும். யார் தலையில் என்று யாருக்கும் சொல்லமாட்டார்கள். அன்று என் தலையில் கொட்டினார்கள். ஒரு வாளி இல்லை, மூன்று வாளி. கண், மூக்கு, காது எல்லாம் கூழ். ஒன்றும் தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. நெவில் வழக்கம்போல ஸ்டாம்பு கேட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். வாயைத் துடைத்து வழி கிடைத்ததும் என் வசனத்தைச் சொன்னேன். கூழில் மூழ்கினாலும் வசனத்தை விடக்கூடாது, அப்படிப் பழக்கியிருந்தார்கள்.

நான் தலையை அலசிவிட்டு வருவதற்குள் நெவில் கிளம்பிப்போயிருந்தான். அடுத்த மாதம் நியூசிலாந்தில் வேலை என்று போய்விட்டான். நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று நான் ஸ்கார்பரோ ஊரில் நாடக மேடையில் இருந்தேன், பார்க்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு வாழ்த்து அட்டை வரும். 'அன்புடன், நெவில்.' நாற்பத்தெட்டு அட்டை வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அதே இரண்டு சொல்.

போன வருடம் அவன் இறந்து, உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து இங்கே ராச்டேலில் புதைத்தார்கள். அடக்கம் முடிந்ததும் அவன் அக்கா வினிஃப்ரெட் சான்ட்விச் தட்டோடு என்னிடம் வந்தாள்.

"பெரிய மனசு பண்ணி வந்துட்டே. அவன் இருக்கும்போது வந்திருக்கலாம்ல?"

"ஏன் வினி இப்படிப் பேசுறே?"

"பின்னே? ஊரே பாக்க உன்கிட்ட கேட்டான். நீ அடுத்த ஆளைக் கூப்பிட்டே. அதுக்கப்புறம் அவன் யார்கிட்டயும் எதையும் கேட்டதில்லை."

"என்ன கேட்டான்?"

"அது என்கிட்ட சொல்லலை. உன்கிட்டதானே சொன்னான், போ" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. ஒளிபரப்பிய நிலையத்துக்கு எழுதினேன். அந்த டேப்பை அப்போதே அழித்து, அதன் மேல் ஏதோ ஸ்னூக்கர் மேசைப் பந்தாட்டத்தைப் பதிவு செய்துவிட்டார்களாம். என் வாழ்க்கையின் மேல் ஸ்னூக்கர் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. கூட வேலை செய்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்தார்கள். மீதிப் பேருக்குக் காலையில் சாப்பிட்டதே ஞாபகமில்லை. பார்த்த பிள்ளைகளைக் கேட்டேன். "அய்யோ, அந்தக் கூழு!" என்று எல்லாரும் சிரிக்கிறார்கள். கூழுக்குப் பிறகு அவன் வாயைத் திறந்ததை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

கடைசியில், நான் விசாரிப்பதைக் கேள்விப்பட்டு ஓல்டாமிலிருந்து பெவர்லி என்றொருத்தி எழுதினாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கேசட் ரெக்கார்டரை டிவிக்கு முன்னால் வைத்து, வீட்டில் எல்லாரையும் மூச்சுவிடாதே என்று அதட்டி, கடைசி நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறாள். குரல் மட்டும்தான்.

குரல் போதும். ரெண்டு பஸ் மாறிப் போனேன்.

கெட்டியான டீயும் இஞ்சி பிஸ்கட்டும் வைத்தாள். பழைய ரெக்கார்டரை மேசையில் வைத்து, "டீயைக் குடிச்சுட்டுக் கேக்கலாமா?" என்றாள்.

"டீ இருக்கட்டும். போடு."

உர்ரென்று ஓடியது. பிறகு நெவில். ஐம்பது வருடத்துக்கு அந்தப் பக்கமிருந்து, தும்மலை உறையில் போட்டு அனுப்ப முடியுமா என்று கேட்டுக்கொண்டு நின்றான். என் குரல், "செல்லாது." தொப்பென்று கூழ். பிள்ளைகளின் கூச்சல். நெவில் தொண்டையைக் கனைத்தான். "க்ளெனிஸ்..." என்றான்.

நாடகத்தில் எனக்குப் பெயரே கிடையாது.

"பெவ்! பீன்ஸ் ஆறிப்போகுதுடி! எத்தனை தடவை கூப்பிடுறது? இப்ப வரியா, உன் தட்டை நாய்க்கு வைக்கவா?"

அதே டேப்பில், மைக்குக்குப் பக்கத்திலேயே, ரெக்கார்டர் அதிர, ஒரு பெண்ணின் குரல். அதற்கு அடியில் நெவில் ஏதோ சொல்கிறான். முணுமுணுப்பு தெரிகிறது, சொல் தெரியவில்லை. அந்த வாயை அடைக்க ஓர் ஆள் இல்லையா என்று கோபம் தலைக்கேறத் திரும்பினேன். பெவர்லி அந்த வார்த்தைகளைக் கூடவே வாயசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் ஈரம்.

"அம்மா" என்றாள். "எனக்குப் பன்னெண்டு வயசுல போயிட்டாங்க. அவங்க குரல்னு இது ஒண்ணுதான் இருக்கு."

கோபத்தை விழுங்கினேன். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா கத்தி முடித்துவிட்டாள். சிரிப்பு அடங்கிவிட்டது. டேப்பில் ஒருவரும் பேசவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வசனத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு நொடி. பிள்ளைகள் நிகழ்ச்சி என்றால் அரை நொடி. நெவில் அதில் கடிகாரம்; ஒரு நாளும் பிந்தியதில்லை. இங்கே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இருநூறு பிள்ளைகளுக்கு எதிரே, நான்கு நொடி, அவன் வேடிக்கை எதுவும் செய்யாமல் நின்றிருக்கிறான். ஸ்டாம்புக்கு யாரும் அப்படிக் காத்திருக்கமாட்டார்கள்.

"இன்னொரு தடவை கேக்கலாமா?" என்றாள் பெவர்லி, மூக்கைச் சிந்திக்கொண்டு.

"கேக்கலாம்."

டேப் மறுபடி ஓடியது; அவள் வாயசைத்தபடி தன் அம்மாவோடு பீன்ஸுக்குப் போனாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா வாய் மூடியதும், அந்த நான்கு நொடிக்குள், "ஆகட்டும் நெவில்" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை, டேப்பில் அந்தச் சிறுக்கி க்ளெனிஸ் கத்தினாள்: "அடுத்து யாரு?"

இருநூறு பிள்ளைகளும் சிரித்தார்கள்.