சாந்த்ராகாச்சியில் இறங்கிய கூடைகள்

பார்சல் வேனின் கதவைத் தள்ளித் திறந்ததும் கடல் வாடைதான் முதலில் வந்தது. தரை முழுக்க ஈரம். பிய்ந்த மூங்கில் சிம்புகள், கொஞ்சம் மணல், ஒரு துண்டு சாக்கு. ஆமை ஒன்றுகூட இல்லை. சுந்தரராஜன் குனிந்து ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார். இறக்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஹவுராவுக்கு வந்து சேருமுன் வழியில் எங்கேயோ இறக்கியிருக்கிறார்கள். அந்தக் குளிர்காலத்தில் இது மூன்றாவது தடவை.

வனவிலங்குப் பாதுகாப்பில் இன்ஸ்பெக்டராக அவர் மெட்ராஸிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, இந்த 1982 டிசம்பரோடு நாலு வருஷம் முடிகிறது. ஒரிஸ்ஸா கரைக்கு முட்டையிட வரும் கடலாமைகளைப் பிடித்து, கூடைகளில் மல்லாத்தி அடுக்கி, ரயிலேற்றி விடுகிறார்கள். கல்கத்தா மீன் சந்தைகளில் அந்தக் கறிக்கு ஏகக் கிராக்கி. சட்டப்படி அவற்றைத் தொடவே கூடாது. முதல் வருஷம் பிடிபட்ட அறுபது ஆமைகளைப் பிளாட்பாரத்தில் வரிசையாகப் போட்டிருந்தபோது அவை மூச்சு விடுவதைக் கேட்டார். அசந்து படுத்த மனுஷன் பெருமூச்சு விடுவதைப் போலவே இருந்தது. அன்றிலிருந்து அவருக்கு அது வெறும் உத்தியோகமாக இல்லை.

மேலதிகாரி ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே இங்கிலீஷில் சொன்னார். "உங்களுக்குத் தெரிவது வேறு யாருக்கோகூடத் தெரிகிறது, சுந்தரராஜன்." அந்த வாக்கியத்தில் 'உங்களுக்கு' என்ற சொல்லை அவர் கொஞ்சம் அழுத்தியதாகப் பட்டது. அழுத்தவில்லையோ என்னவோ. பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே உருட்டிக்கொண்டு வந்தார்.

அன்று சாயங்காலம் ஒரு காகிதத்தில், சோதனை எங்கே என்று முன்கூட்டித் தெரிந்தவர்களின் பெயர்களை எழுதினார். டிரைவருக்கு ஜீப் கிளம்பிய பிறகுதான் தெரியும். வனத்துறை கார்டுகளுக்கும் அப்படியே. கடைசியில் மிச்சம் நின்ற பெயர் மஹாதேவன்.

மஹாதேவன் ஹவுராவில் பார்சல் கிளார்க். லேக் மார்க்கெட் பக்கம் சுந்தரராஜனுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. சுந்தரராஜனுக்கு வீடு பார்த்துக் கொடுத்தது அவர். சுந்தரராஜனின் மனைவி வத்சலாவுக்கு டைபாய்ட் வந்தபோது பதினைந்து நாள் ரசஞ்சாதம் வந்தது மஹாதேவனின் மனைவி அலமுவின் கையிலிருந்து. எந்த வண்டியின் பார்சல் வேன் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் என்று சுந்தரராஜனே அவரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். இப்போது அதெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. போன மாதம் அவர்கள் வீட்டுக்கு டி.வி. வந்ததே, எப்படி? சோதனை எப்படிப் போயிற்று என்று மஹாதேவன் ஒரு தடவைகூட விசாரித்ததில்லையே, ஏன்?

ஞாயிற்றுக்கிழமை மஹாதேவனோடு காபி சாப்பிடும்போது, சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னார். "வியாழக்கிழமை விடிகாலைல ஹவுராலதான் நிக்கப்போறேன். வெளில மூச்சு விடாதே."

மஹாதேவன் சிரித்தார். "நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? எங்க ஆபீஸ்ல வந்து ஆமையப் பத்திப் பேசறவனே நீ ஒருத்தன்தான்."

வியாழக்கிழமை சுந்தரராஜன் ஹவுராவில் நிற்கவில்லை. அதற்குச் சற்று முந்தைய ஸ்டேஷனான சாந்த்ராகாச்சியில், பனிமூட்டத்துக்குள் நாலு கார்டுகளோடு காத்திருந்தார். வண்டி சிக்னலுக்காக நின்றதும் தண்டவாளத்தின் மறுபக்கத்திலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். கூடைகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. நாற்பத்து மூன்று கூடைகள். ஆட்கள் தப்பித்துவிட்டாலும் ஆமைகள் முழுக்கக் கிடைத்தன. கார்டுகள் கை தட்டினார்கள். அவர் கூடைகளை மறுபடி எண்ணினார். ஹவுராவில் நிற்பேன் என்று வெளியில் சொன்னது ஒருவரிடம்தான்.

மஹாதேவன் பெயரைப் போட்டு அவர் தன் கையால் எழுதிய ரிப்போர்ட் இரண்டு பக்கம் வந்தது. மூன்று வாரத்தில் மஹாதேவனை எங்கோ தள்ளியிருக்கும் ஆத்ரா ஸ்டேஷனுக்குத் தூக்கி அடித்தார்கள். விசாரணை முடியும் வரை இன்கிரிமென்ட் கிடையாது, பார்சல் பக்கம் போகக்கூடாது. பையனின் பரீட்சைக்காக அலமு கல்கத்தாவிலேயே தங்கினாள். ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போன சுந்தரராஜனின் தோளைப் பிடித்துக்கொண்டு மஹாதேவன், "ஆத்து மனுஷாள கொஞ்சம் பாத்துக்கோ," என்றார். அவர் கண்ணைப் பார்த்து, 'என்னமாய் நடிக்கிறான்' என்று சுந்தரராஜன் நினைத்தார்.

பிப்ரவரி கடைசியில் மறுபடியும் வேன் காலியாக வந்தது.

அதற்கடுத்த வாரம் விடிகாலை ஐந்து மணிக்கு அவர் மாடிப்படி இறங்கும்போது, கீழ்வீட்டு மினதி வாசல் குழாயடியில் வாளி வைத்துக்கொண்டிருந்தாள். வத்சலா அண்ணி முறை வைத்து பௌதி, பௌதி என்று உருகுகிற பெண்மணி. அவரைப் பார்த்துச் சிரித்து, "ஆஜ் கோன் திகே, தாதா? ஹவுரா, நா சாந்த்ராகாச்சி?" என்றாள். இன்றைக்கு எந்தப் பக்கம் அண்ணா, ஹவுராவா சாந்த்ராகாச்சியா? குடை எடுத்தாச்சா என்று கேட்கிற தொனியில்தான் கேட்டாள். வாளி நிரம்பி வழிந்தது. அவர் தெருவில் இறங்கினார். அன்று எந்த ஸ்டேஷனுக்கும் போகவில்லை. லேக் ஓரத்து பெஞ்சில் எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் வத்சலாவைக் கேட்டார். "நான் போற எடம் கீழ்வீட்டுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சொல்வேன். நான் ஆறு மணிக்கு ஸ்கூல்ல பாடம் எடுக்கணும். நீங்க விடிகாலைல கிளம்பற அன்னிக்கு கொழந்தை வசுவை பௌதிகிட்டதானே விடணும்? மொத நாளே சொல்லி வெப்பேன். எப்ப திரும்புவார்னு கேப்பா. ஹவுராவுக்குப் போறார், எட்டாயிடும்பேன். இதுல என்ன?"

"அந்த வியாழக்கிழமையும் சொன்னியா?"

"சொன்னேன். எங்கிட்டயும் ஹவுரான்னுதானே சொன்னேள்?"

சொல்லியிருந்தார். அலமுவும் வத்சலாவும் பேசிக்கொள்வார்கள், பொய் எங்கேயும் ஓட்டையில்லாமல் இருக்கட்டும் என்று வீட்டிலும் அதையே சொல்லியிருந்தார். பெயர்களை எழுதிய காகிதத்தில் வத்சலாவின் பெயரை எழுத அவருக்குத் தோன்றவே இல்லை.

"மினதியோட தம்பி ஒருத்தன் வந்து போறானே, என்ன பண்றான்?"

"மீன் மொத்த வியாபாரம். எதுக்கு இப்ப..." வத்சலா துணி மடிப்பதை நிறுத்தினாள். முகம் மெல்ல மாறியது. "நிஜத்தச் சொல்லுங்கோ. மஹாதேவன் அண்ணாவ மாத்தினது யாரு?"

அவர் எழுந்து ஜன்னலருகே போனார். பின்னால் அவள் மடித்த துணியை அப்படியே விட்டு எழுந்து உள்ளே போனாள்.

நாலு நாள் தூக்கமில்லை. உண்மையை எழுதினால் இன்ஸ்பெக்டரின் வீட்டிலிருந்தே செய்தி போயிற்று என்று ஃபைலில் ஏறும். வத்சலாவைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். மேலதிகாரி 'உங்களுக்கு' என்று அழுத்தியது சரி என்றாகிவிடும். மினதி வெறுமனே கேட்டிருக்கலாம், தம்பிக்கு ஒன்றும் தெரியாமலிருக்கலாம். மஹாதேவனும்கூடச் சொல்லியிருக்கலாமே? அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்று மனசு ஒரு கணம் ஏங்கியது. அதைக் கண்டுகொண்டபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவதென்று அலமுவின் வீட்டுக்குப் போனார். லோட்ஷெடிங். மார்ச் மாதத்துக் காற்று ஜன்னல் வழியாகப் புழுதியோடு வந்துகொண்டிருந்தது. அலமு காபி கொண்டுவந்து வைத்தாள். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தாள்.

"அண்ணா, நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேன்," என்றாள். "யாரோ வேண்டாதவன் எழுதிப் போட்டிருக்கான்னு அவர் சொல்றார். யாருன்னு தெரியலயாம். அங்க ராத்திரில தூக்கமே வரலயாம். நீங்க கவர்மெண்ட்ல இருக்கேள், எப்படி எழுதணும்னு உங்களுக்குத் தெரியும். ஒரு பெட்டிஷன் எழுதிக் கொடுங்கோ. நானே கொண்டுபோய்க் கொடுக்கறேன்."

"அலமு, நான் ஒண்ணு சொல்லணும்..."

"எழுதிட்டுச் சொல்லுங்கோ அண்ணா. வெளிச்சம் போயிடும்."

வெள்ளைக் காகிதத்தையும் பேனாவையும் மேஜைமேல் வைத்தாள். அவர் தேதியை எழுதினார். தன் கையெழுத்து அவருக்கே புதிதாகத் தெரிந்தது. வலப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஃபைலில் இருக்கும் இரண்டு பக்கத்திலும் இதே கையெழுத்துதான். காற்றில் காகிதம் படபடத்தது. எதிரே உட்கார்ந்திருந்த அலமு, வளையல் ஓசைப்படாமல் கையை நீட்டி, காகிதத்தின் இரண்டு ஓரங்களையும் விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.